கற்கருவிகளின் தாய்ப்பாறையை அறிதல்

பெங்களூரு நகரின் லால்பாக் தோட்டத்தினுள் ஒரு பாறைக் குன்று உள்ளது. அதன் உச்சியில் கெம்பேகௌடரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. இக்குன்று தீபகற்ப நீஸ் எனப்படும் பாறையால் ஆனது. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகட்கு முன் உருவான இப்பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. சாம்பல் நிறமும், வெண்மையும் கருமையும் மாறிமாறி வரும் வரிகளும் இதன் அடையாளங்கள். பெங்களூருவைச் சுற்றியுள்ள நிலத்தின் அடித்தளமும் பெரும்பாலும் இத்தகைய பாறையே.

கர்நாடகத்தின் உழவு நிலங்களிலும் குன்றுச் சரிவுகளிலும் கிடைக்கும் புதிய கற்காலக் கோடரிகளை இப்பாறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே புலனாகும். கோடரியின் கல் கரியது, கையில் கனப்பது, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மணிகளால் ஆனது. வரிகொண்ட நீஸ் பாறையில் இத்தகைய கூரிய விளிம்பைத் தீட்டி எடுத்தல் அரிது. எனவே கோடரி கிடைத்த இடமும் அதன் கல் பிறந்த இடமும் வெவ்வேறாகலாம். அக்கல் எங்கே பிறந்தது? எவ்வளவு தொலைவு வந்தது? எவ்வழியாக வந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும் முறைகளையும், அவ்விடை தவறாமல் இருக்கக் களப்பணியாளர் செய்யவேண்டுவனவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கருவி எப்பாறைத் தொகுதியிலிருந்து உடைத்தெடுக்கப்பட்டதோ அதனை அக்கருவியின் தாய்ப்பாறை என்போம். எழுத்து இல்லாத காலத்து மக்களின் போக்குவரத்தை அறியத் தாய்ப்பாறை ஒரு சிறந்த சான்று. ஒரு பானையின் வடிவத்தை வேறோர் ஊரார் பார்த்துச் செய்துவிடலாம். ஒரு தானியத்தின் விதை வேறு மண்ணிலும் முளைக்கும். கல்லோ தான் பிறந்த மலையிலன்றி வேறிடத்தில் பிறப்பதில்லை. அதனை ஒருவர் சுமந்து வந்திருக்க வேண்டும், அல்லது ஆறு, பனிப்பாளம் போன்ற இயற்கை ஆற்றல் கொண்டு வந்திருக்க வேண்டும்.

எரிமலைக் கண்ணாடி

தாய்ப்பாறை அறியும் கலை மிகத் தெளிவாக வளர்ந்தது ஆப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடியைக் கொண்டேயாகும். கர்நாடகத்துக் கோடரிகளை ஆராயுமுன் இதனை அறிந்துகொள்வது நலம்.

பூமியின் உள்ளிருந்து எழும் பாறைக் குழம்பு மெல்லக் குளிருமாயின் அதில் கனிமப் படிகங்கள் வளர்கின்றன. சிலிக்கா மிகுந்த குழம்பு மிகவும் பாகுத்தன்மை உடையது. அதில் அணுக்கள் எளிதில் இடம்பெயர்ந்து படிகமாக அடுக்கிக்கொள்ள இயலாது. அத்தகைய குழம்பு விரைந்து உறையும்போது படிகமற்ற கண்ணாடியாகிறது. இதுவே ஆப்சிடியன். இதில் சிலிக்கா வழக்கமாக நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் இருக்கும். தட்டி உடைத்தால் சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த முறிவுப் பரப்பும், சவரக் கத்தியை ஒத்த கூரிய விளிம்பும் தோன்றும். ஆதலின் உலோகம் அறியாத மக்கள் இதனைப் பெரிதும் விரும்பினர்.

தாய்ப்பாறை அறிவதற்கு ஆப்சிடியன் ஏற்றதாக இருப்பதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அது கிடைக்கும் இடங்கள் குறைவு. இளமையான எரிமலைப் பகுதிகளில் மட்டுமே அது காணப்படும். இரண்டாவது, அது பெரும்பாலும் சீரான பொருள். ஒரு குழம்பு ஓட்டத்தின் ஒரு முனையில் எடுத்த சில்லும் மறுமுனையில் எடுத்த சில்லும் சேர்க்கையில் பெரிதும் ஒத்திருக்கும். ஆகவே கைவிரல் நகத்தளவான சில்லே முழு ஓட்டத்திற்கும் சான்றாகிறது. மூன்றாவது, ஓட்டத்திற்கு ஓட்டம் நுண்ணளவுத் தனிமங்கள் வேறுபடுகின்றன.

இம்மூன்றாவது காரணம் விளக்கத்திற்கு உரியது. சிலிக்கா, அலுமினா போன்ற பெரும்பங்குப் பொருள்கள் பல எரிமலைக் கண்ணாடிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளன. அவற்றைக்கொண்டு பிறப்பிடத்தைப் பிரித்தறிவது கடினம். பத்து இலட்சத்தில் சில பங்கு, சில நூறு பங்கு என்ற அளவில் இருக்கும் ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம், பேரியம், நயோபியம் ஆகியவை அவ்வாறல்ல. எரிமலையின் அடியில் குழம்பு தங்கியிருக்கும்போது முதலில் தோன்றும் பெல்ஸ்பார் படிகங்கள் ஸ்ட்ரான்ஷியத்தைத் தம்முள் ஏற்றுக்கொள்கின்றன. ருபிடியமோ எஞ்சிய குழம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு படிகம் பிரிந்தது, எப்போது குழம்பு வெளிப்பட்டது என்பவை ஒவ்வோர் எரிமலைக்கும் வேறு வேறு. எனவே இத்தனிமங்களின் விகிதம் கைவிரல் ரேகைபோல் அந்தந்த ஓட்டத்தை அடையாளம் காட்டுகிறது.

தீவுகளில் கிடைத்த சான்றுகள்

1964 ஆம் ஆண்டில் கேன், ரென்பிரூ என்னும் இரு ஆராய்ச்சியாளர் மத்தியதரைக் கடற்பகுதியின் ஆப்சிடியன் கருவிகளை நிறமாலை முறையால் ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் இத்துறைக்கு வழிகாட்டின. மால்ட்டா தீவு சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அங்கு எரிமலை இல்லை. ஆயினும் அதன் தொன்மையான குடியிருப்புகளில் ஆப்சிடியன் சில்லுகள் கிடைத்தன. அவை லிப்பாரி, பான்டெல்லேரியா என்னும் இரு எரிமலைத் தீவுகளிலிருந்து வந்தவை என்று தனிம விகிதங்கள் காட்டின. இரு தீவுகளும் மால்ட்டாவிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. ஆகவே அக்காலத்து மக்கள் கடல் கடந்து தொடர்பு கொண்டிருந்தனர் என்பது உறுதியாயிற்று.

கிரேக்க நாட்டின் பிராங்க்தி குகையில் கிடைத்த ஆப்சிடியன் சில்லுகள் இன்னும் பழைமையானவை. அவற்றின் தாய்ப்பாறை ஏகியன் கடலில் 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மீலோஸ் தீவு. ஏறத்தாழ 13,000 ஆண்டுகட்கு முன்னரே அங்கிருந்து கல் வந்துள்ளது. அக்காலத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடத் தாழ்வாக இருந்தபோதிலும் மீலோஸ் தீவாகவே இருந்தது. பயிர்த்தொழில் தோன்றுமுன்பே அங்கு மக்கள் கடலில் கலம் செலுத்தினர் என்பதற்கு அச்சில்லுகளே சான்று. அக்கலங்களின் மரமோ கயிறோ இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

பசிபிக் கடலில் தொலைவுகள் மேலும் பெரியவை. நியூ பிரிட்டன் தீவின் தலாசியாப் பகுதியில் பிறந்த ஆப்சிடியன், ஏறத்தாழ 3,000 ஆண்டுகட்கு முன் கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான்டா குரூஸ் தீவுக் கூட்டத்தை அடைந்துள்ளது. மேற்கே, மலேசியாவின் சாபா மாநிலத்துப் புக்கிட் தெங்கோராக் குன்றிலும் அதே தலாசியாக் கல் கிடைத்துள்ளது. அத்தொலைவு 3,500 கிலோமீட்டருக்கு மேற்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கல் அத்தொலைவு சென்றது என்பதே சோதனை கூறும் செய்தி. ஒரே மனிதர் அதனை முழுத்தொலைவும் சுமந்து சென்றார் என்று அது கூறவில்லை. தீவுக்குத் தீவு, கைக்குக் கை மாறி ஒரு தலைமுறைக்குமேல் பயணம் செய்தும் அக்கல் வந்திருக்கலாம்.

சோதனை முறைகள்

பழைய நிறமாலை முறையில் கருவியிலிருந்து சிறிதளவு பொடி எடுத்து எரிக்க வேண்டியிருந்தது. பின்னர் நியூட்ரான் கிளர்வு முறை வந்தது. இதில் கல்லை அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தி, அதன்பின் அது வெளியிடும் காமாக் கதிர்களை அளந்து தனிமங்களை அறிகின்றனர்.

இன்று பெரிதும் வழங்குவது எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை. எக்ஸ்-கதிர் ஓர் அணுவின் உட்கூட்டிலுள்ள எலெக்ட்ரானை வெளியேற்றுகிறது. அவ்வெற்றிடத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று உள்ளே இறங்குகிறது. அப்போது வெளிப்படும் கதிரின் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்திற்கும் தனித்தன்மை உடையது. அதன் செறிவு அத்தனிமத்தின் அளவைக் காட்டுகிறது. கையில் ஏந்திச் செல்லத்தக்க கருவிகளும் இப்போது உள்ளன. கற்கருவியை உடைக்காமலும் காட்சியகத்தைவிட்டு வெளியே எடுக்காமலும் சோதிக்கலாம் என்பது இதன் சிறப்பு. எனினும் பரப்பு தூய்மையாகவும் ஓரளவு சமதளமாகவும் இருத்தல் வேண்டும். மிக மெல்லிய சில்லுகளில் அளவு பிழைபடும்.

எம்முறையைக் கையாண்டாலும் அடிப்படை விதி ஒன்றே. கருவியின் விகிதத்தை மட்டும் அறிந்து பயனில்லை. அது வந்திருக்கக்கூடிய பாறைகள் அனைத்தின் விகிதங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். க, ச, ட என மூன்று மலைகள் உள்ளன. ஒரு கருவியின் விகிதம் க-வுடன் பொருந்தவில்லை, ச-வுடன் ஓரளவு பொருந்துகிறது. ட மலையை யாரும் ஆராயவில்லை. இந்நிலையில் ‘கருவி ச மலையிலிருந்து வந்தது’ என்று எழுதுவது பிழை. ட மலை அதனினும் நன்கு பொருந்தக்கூடும். ‘க மலையிலிருந்து வரவில்லை’ என்பதே அச்சோதனையால் உறுதியாகக் கூறத்தக்கது.

கர்நாடகத்தின் கருங்கற் கோடரிகள்

கர்நாடகத்தின் பழம்பாறை நிலத்தில் ஆப்சிடியன் கிடைப்பதில்லை. கண்ணாடி நிலையற்ற பொருள். கோடிக்கணக்கான ஆண்டுகள் செல்லச் செல்ல அது நீரை ஏற்று, மெல்ல மெல்ல நுண்படிகங்களாக மாறித் தன் கண்ணாடித் தன்மையை இழந்துவிடும். 300 கோடி ஆண்டுப் பழைமையுடைய நிலத்தில் அது எஞ்சியிருக்க வழியில்லை. ஆகவே இந்நாட்டுத் தொன்மக்கள் தம் நிலத்தில் கிடைத்த கற்களையே பயன்படுத்தினர்.

பெங்களூருவை அடுத்த ஜாலஹள்ளியில் கிடைத்த நுண்கற்கருவிகள் குவார்ட்ஸ் எனப்படும் வெண்படிகக் கல்லால் ஆனவை. குவார்ட்ஸ் நரம்புகள் இப்பகுதியில் எங்கும் உள்ளன. அவற்றினிடையே வேறுபாடு காண்பதும் கடினம். எனவே அக்கருவிகளின் தாய்ப்பாறையைத் திட்டமாகக் கூறுவது எளிதன்று. கோடரிகளின் கல்லாகிய டோலரைட், ஆப்சிடியனைப் போல் எளிதன்று. குவார்ட்ஸைப் போல் அவ்வளவு கடினமும் அன்று.

டோலரைட் தோன்றிய வகை வருமாறு. நீஸ் பாறையில் ஏற்பட்ட நீண்ட பிளவுகளில் கீழிருந்து கரிய பாறைக் குழம்பு ஏறி உறைந்தது. இவ்வாறு உறைந்த சுவர் போன்ற அமைப்பை டைக் என்பர். பெங்களூருவைச் சூழ்ந்த பகுதியில் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சுமார் 240 கோடி ஆண்டுகட்கு முன் உறைந்தவை. நுண்மணி அமைப்பும் உறுதியும் உடைய இக்கல், தட்டினால் ஓரளவு விரும்பிய வண்ணம் உடையும். தேய்த்தால் கூர்மை கொள்ளும்.

டோலரைட் கோடரிகளின் மிகச் சிறந்த தொழிற்களம் பல்லாரி நகருக்கு அருகிலுள்ள சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் அமைந்துள்ளது. 1872 இல் அம்மாவட்டத்துப் பொறியாளர் வில்லியம் பிரேசர் இக்களத்தைக் கண்டார். நிலவியலறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் இதனை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தார். 1863 இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்தவரும் இவரே. 1894 இல் பெங்களூருவில் மைசூர் அரசின் நிலவியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் பணியாற்றினார். சங்கனகல்லில் 1940-களில் சுப்பாராவும், 1960-களில் அன்சாரியும் நாகராஜ ராவும் அகழ்வாய்வு நடத்தினர். பின்னர் ரவி கோரிசெட்டரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இணைந்து விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இக்குன்றுகளுள் பெரியது ஹிரேகுட்ட. ‘பெரிய குன்று’ என்பது அக்கன்னடப் பெயரின் பொருள். வெளிர்நிறக் கிரானைட் பாறைகளினூடே கரிய டோலரைட் டைக் ஒன்று அதில் ஓடுகிறது. அதனருகே உடைந்த சில்லுகளும், பாதியில் முறிந்து எறியப்பட்ட கோடரிகளும் பெருந்திரளாகக் கிடக்கின்றன. கிரானைட் பாறைகளின்மேல் கோடரியைத் தேய்த்துத் தேய்த்து உண்டான நீண்ட குழிவுகளும் உள்ளன. முதலில் டைக்கிலிருந்து கல்லை உடைத்தெடுத்தல், அடுத்துப் பெருஞ்சில்லுகளை நீக்கி வடிவம் தருதல், பின்னர் சிறுசிறு கொத்துகளால் மேடுகளைக் குறைத்தல், இறுதியில் நீரும் மணலும் இட்டுத் தேய்த்தல் என்னும் படிகள் அனைத்தையும் அங்குக் காணலாம். கி. மு. 1400-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட காலத்தளவில் இத்தொழில் பெருகி நடந்தது. ஓர் ஊராரின் சொந்தத் தேவைக்கு மிகுதியாகவே கோடரிகள் செய்யப்பட்டன என்று சில்லுகளின் அளவு காட்டுகிறது.

இங்கு இரசாயனச் சோதனை இன்றியே அறியத்தக்க ஒரு சான்று உள்ளது. சில்லுகளும் முற்றுப்பெறாத கோடரிகளும் மிகுந்திருந்தால் அவ்விடம் தொழிற்களம். முற்றுப்பெற்ற கோடரிகளும், விளிம்பு மழுங்கி மீண்டும் தீட்டப்பட்ட கோடரிகளும் மட்டுமே கிடைத்தால் அவ்விடம் கோடரியைப் பயன்படுத்திய ஊர். ஆதலின் களத்தில் அழகிய கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டு சில்லுகளைப் புறக்கணிப்பவர் சான்றின் பாதியைக் கைவிட்டவராவார்.

டோலரைட்டில் நேரும் இடர்கள்

ஹிரேகுட்டவிலிருந்து கோடரிகள் எவ்வூர்களுக்குச் சென்றன? இதனைக் கூற ஒவ்வோர் ஊரின் கோடரியையும் அக்குன்றின் டைக்கோடு மட்டுமன்றி, இடையிலுள்ள டைக்குகளோடும் ஒப்பிட வேண்டும். இதில் மூன்று இடர்கள் உள்ளன.

டைக்குகள் மிகப் பல. ஒரே காலத்தில் ஒரே மூலக் குழம்பிலிருந்து தோன்றியவை சேர்க்கையில் நெருங்கியிருக்கும்.

ஒரே டைக்கிலும் வேறுபாடு உண்டு. பிளவின் ஓரத்தை ஒட்டிய குழம்பு விரைவில் குளிர்ந்து நுண்மணியாகிறது. நடுப்பகுதி மெல்லக் குளிர்ந்து பெருமணியாகிறது. எனவே ஓரத்துக் கல்லும் நடுக்கல்லும் இரு வேறு பாறைகளைப் போலத் தோன்றக்கூடும். ஒரு டைக்கை அறியக் குறுக்காகப் பல இடங்களில் மாதிரி எடுத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த கோடரியின் மேற்பரப்பு சிதைந்து பழுப்பான தோல் கொள்கிறது. மேற்பரப்பை மட்டும் அளக்கும் எக்ஸ்-கதிர் முறை அத்தோலின் சேர்க்கையையே கூறும். உள்ளிருக்கும் கல்லின் சேர்க்கையைக் கூறாது.

இக்காரணங்களால் டோலரைட் ஆய்வில் தனிம அளவீட்டோடு மென்தகட்டு முறையும் வேண்டப்படுகிறது. கல்லிலிருந்து ஒரு துண்டை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நிலவியல் நுண்ணோக்கியில் அதனை நோக்கும்போது பிளஜியோகிளேஸ் பெல்ஸ்பார், பைராக்சீன் ஆகியவற்றின் அளவும் பின்னலும் தெரியவரும். இதற்குக் கருவியைச் சிறிது அறுக்க நேர்வதால், முழுக் கோடரிகளை விடுத்து உடைந்தவற்றையும் சில்லுகளையும் பயன்படுத்துதல் முறை.

டோலரைட்டின் பிறப்பிடம் காண இயலும் என்பதற்குப் பிரிட்டனின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் சான்று. அங்குள்ள சிறிய கற்களுட் பல, வெண்புள்ளிகள் கொண்ட டோலரைட். அவை ஏறத்தாழ 225 கிலோமீட்டர் மேற்கே வேல்ஸ் நாட்டின் பிரசெலிக் குன்றுகளிலிருந்து வந்தவை என்று தாமஸ் என்னும் நிலவியலறிஞர் 1923 இல் நுண்ணோக்கி கொண்டு நிறுவினார். 2014 இல் வெளிவந்த இரசாயன ஆய்வு அத்தொடரிலேயே எப்பாறை முகடு என்பதைத் திருத்திக் கூறியது. அதே கல்வட்டத்தின் நடுவிலுள்ள பலிபீடக் கல் மணற்பாறையால் ஆனது. அதுவும் வேல்ஸ் பகுதியிலிருந்தே வந்தது என்று ஏறத்தாழ நூறாண்டுகள் கருதப்பட்டது. அதன் மணிகளின் வயதை அளந்த ஆய்வாளர்கள் 2024 இல் அது ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டினர். அருகிலுள்ள மலைகளோடு மட்டும் ஒப்பிட்டமையால் விளைந்த பழைய பிழை இது. முன்னர் கூறிய ‘ட’ மலையின் பாடம் இங்கு மெய்யாயிற்று.

தாய்ப்பாறைக்கு வந்துள்ள ஊறு

கோடரிகள் பலவும் காட்சியகங்களில் காப்பாக உள்ளன. ஆபத்தில் இருப்பவை அவற்றின் தாய்ப்பாறைகள். டோலரைட் இன்று ‘கறுப்பு கிரானைட்’ என்னும் வாணிகப் பெயரால் அறுத்து மெருகிடப்பட்டு, சமையலறை மேடைகட்கும் நினைவுக் கற்களுக்கும் செல்கிறது. பெங்களூருவுக்குத் தெற்கேயுள்ள கனகபுரப் பகுதியின் டைக்குகள் இவ்வாணிகத்தில் பெயர் பெற்றவை. சாலைக்கும் கட்டடத்திற்கும் வேண்டிய ஜல்லிக்காகவும் பாறைக் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. சங்கனகல்லு, குப்கல் பகுதியிலும் கல்வெட்டும் தொழில் தொல்லியற் களங்களை நெருங்கியதை ஆய்வாளர்கள் கவலையுடன் எடுத்துக் காட்டியுள்ளனர். குப்கல் டைக்கின்மேல் பழங்காலத்தார் கொத்திய எருதுகளின் உருவங்களும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறைகளும் உள்ளன.

கல்வெட்டும் தொழிலால் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கல்லின்றி வீடும் சாலையும் இல்லை. எனவே எல்லா டைக்கையும் காக்க வேண்டும் என்பது நடவாத செயல். ஆனால் ஒரு டைக் உடைபடுமுன் அதன் இடத்தைக் குறித்து, குறுக்காகச் சில மாதிரிகளை எடுத்து வைத்தல் ஒருநாள் வேலையே. அது செய்யப்படாவிடில் அவ்விடம் ‘ட’ மலையாகிவிடும். பின்னர் எவ்வளவு நுட்பமான கருவி வந்தாலும் ஒப்பிடப் பாறை இராது; காட்சியகத்துக் கோடரி விடையற்ற வினாவாகவே நிற்கும்.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கற்கருவி எனக் கருதத்தக்க பொருளைக் கண்டால் இருந்த இடத்திலேயே விட்டு, அளவுகோலுடன் படம் எடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுதல். அதன்பின் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தல்.

2. அருகில் சில்லுகள், முறிந்த துண்டுகள், தேய்ப்புக் குழிவுகள் உள்ளனவா எனப் பார்த்து எழுதுதல். ‘இல்லை’ என்பதும் ஒரு செய்தியே; அதனையும் எழுதுதல் வேண்டும்.

3. ஆற்றுப் படுகையிலோ ஓடையிலோ கிடைத்ததாயின் அதனைத் தவறாது குறித்தல். நீரால் உருட்டி வரப்பட்ட கல்லை மனிதர் சுமந்து வந்ததாகக் கொள்ளாதிருக்க இஃது உதவும்.

4. டைக்கில் மாதிரி எடுக்கும்போது இரு ஓரங்களிலும் நடுவிலும் சிதையாத கல்லை எடுத்தல். பழங்காலத்துக் கொத்து அடையாளமோ உருவமோ உள்ள பரப்பில் சுத்தியலைப் பயன்படுத்தலாகாது.

5. மாதிரியின்மேலும் பையின்மேலும் ஒரே எண்ணை எழுதுதல். பையின் எண் அழியினும் கல்லின் எண் நிற்கும்.

6. ஊர்க் கோயில்களிலும் அரசமரத்தடியிலும் பழங்கோடரிகளை வைத்து வழிபடும் வழக்கம் தென்னாட்டில் உண்டு. சேர்வராயன் மலைப் பகுதியில் இதனைப் புரூஸ் பூட் காலத்தவரே கண்டுள்ளனர். அவற்றைத் தொடாமல், ஊர்ப் பெரியோரிடம் பணிவுடன் கேட்டு, எங்கிருந்து எடுத்து வரப்பட்டன என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுதல் தகும்.

குறிப்பெழுதுவதன் பயனுக்குப் புரூஸ் பூட்டின் தொகுப்பே எடுத்துக்காட்டு. 1904 இல் சென்னை அரசு அருங்காட்சியகம் அதனை வாங்கியது. பொருள்கள் கிடைத்த இடங்களோடு அவர் எழுதிய பட்டியல், அவர் 1912 இல் மறைந்தபின் அச்சாயிற்று. நூறாண்டுகட்குப் பின்னும் ஆய்வாளர் அப்பட்டியலைக் கொண்டே பழைய களங்களைத் தேடிச் செல்கின்றனர். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை பூட் அறியாதது. ஆயினும் அம்முறைக்கு வேண்டிய முதற்செய்தியை அவர் எழுதி வைத்தார்.

கரிய கண்ணாடித் துண்டுகளைப் பற்றி

கர்நாடகத்திலும் தமிழகத்திலும் பளபளப்பான கரிய துண்டுகளை ஆப்சிடியன் எனக் கொண்டுவந்து காட்டுவோர் உளர். அவை பெரும்பாலும் பழைய இரும்பு உருக்கு உலைகளின் கசடாகவோ, உடைந்த புட்டிக் கண்ணாடியாகவோ இருக்கும். கசடில் உருண்டைக் குமிழ்த் துளைகளும், குழம்பு வழிந்த தடங்களும், சிலபோது துருவும் காணப்படும். காந்த ஊசியை அருகில் கொண்டுசென்றால் இரும்பு மிகுந்த கசடு அதனை ஈர்ப்பதும் உண்டு. கசடைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. அது பழைய உலைக்களம் ஒன்றைக் காட்டித் தருவதால் இடத்தைக் குறித்து வைத்தல் நலம். புட்டிக் கண்ணாடியும் சில இடங்களில் சான்றாகும். அந்தமான் தீவுகளின் பழங்குடியினர், கப்பல்கள் வழியே வந்த புட்டிகளை உடைத்துச் சவரத்திற்குரிய கூரிய சில்லுகள் செய்தனர் என்பது 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளால் அறியப்படுகிறது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மாணவரை ஐந்து குழுக்களாகப் பிரித்து, நான்கு குழுக்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு இடங்களிலிருந்து பத்துப் பத்துச் சரளைக் கற்களை எடுத்துவரச் செய்க. நிறம், மணியின் அளவு, வரி, கனம் ஆகியவற்றை அட்டவணையில் எழுதுக. கல்லை நூலில் கட்டித் தராசில் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அதன் அடர்த்தியைக் கணக்கிடுக. நீஸ் கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.7 ஆகவும், டோலரைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 3 ஆகவும் இருக்கும். பின்னர் ஐந்தாவது குழுவினர் யாரும் அறியாமல் ஓர் இடத்துக் கல்லைத் தருக. மற்றவர் அட்டவணையைக் கொண்டு அதன் பிறப்பிடத்தைக் கூறட்டும். மறுமுறை, அட்டவணையில் இல்லாத ஐந்தாவது இடத்துக் கல்லைத் தருக. மாணவர் நான்கில் ஒன்றைத் துணிந்து கூறுவரா, ‘இவற்றுள் எதுவும் அன்று’ எனக் கூறுவரா என்பதைக் கவனிக்க.

வினாக்கள்

1. ஆப்சிடியனின் பிறப்பிடம் அறிவது டோலரைட்டின் பிறப்பிடம் அறிவதைவிட எளிது. ஏன்?
2. மால்ட்டா தீவில் கிடைத்த ஆப்சிடியன் கடற்பயணத்திற்குச் சான்றாவது எவ்வாறு?
3. ஓர் ஊரில் தீட்டிய கோடரிகள் மட்டும் கிடைத்தன, சில்லுகள் கிடைக்கவில்லை. இதிலிருந்து அறியப்படுவது யாது?
4. ஸ்டோன்ஹெஞ்சின் பலிபீடக் கல்லைப் பற்றிய கருத்து 2024 இல் மாறியது. முந்தைய ஆய்வில் இருந்த குறை யாது?
5. உங்கள் ஊருக்கருகில் உடைபட்டுவரும் பாறை ஏதேனும் உளதா? அதன் பெயர், இடம், நிறம் ஆகியவற்றைக் குறித்து, ஒரு மாதிரியைப் பள்ளியில் எண்ணிட்டு வைக்கவும்.